பேச்சுக்குச் சொன்ன இடம்

துலுக்கானம் என்ற பெயர் மூன்று மதத்தாரையும் ஒருமுறையாவது ஏமாற்றியிருக்கிறது. பக்கத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த வெளியூர்க்காரர்கள் அவரை இஸ்லாமியர் என்று எண்ணி ரம்ஜானுக்கு வாழ்த்து அனுப்பினார்கள். வானகரத்துப் பழைய குடும்பங்களுக்கு அது அம்மன் பெயர். ஆடி பிறந்தால் கூழ் ஊற்ற நன்கொடை கேட்டு வாசலில் நின்றார்கள். பங்குக்கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்களோ, யாரோ ஓர் இந்து அன்பர் ஆண்டவரைத் தேடி வந்திருக்கிறார் என்று மகிழ்ந்து அவருக்கு ஜெபமாலை சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். அவரும் தெரியாதவர் போலக் கற்றுக்கொண்டார். திருமுழுக்கில் அவருக்கு வைத்த பெயர் தாமஸ். ஆண்டவர் உயிர்த்தெழுந்ததை நம்பாமல், காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் ஆயிற்று என்று அடம்பிடித்த சீடரின் பெயர். கோயில் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. பொருத்தமும் இல்லை. துலுக்கானம் வாழ்நாளில் ஒரு மனிதரையும் சந்தேகப்பட்டவரல்ல.

இருந்த சந்தேகத்தையெல்லாம் அவர் வேலையில் செலவழித்துவிட்டார். பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில், செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்துத் தேர்வு செய்யும் பிரிவு அவருடையது. அரை நூல் கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு மை பூசித் திருப்பி அனுப்பிவிடுவார். மாலையில் சங்கு ஊதியதும் அளக்கிற கருவிகளையெல்லாம் மேஜைக்குள் பூட்டிவிட்டு வெளியே வருவார். வெளியே வந்த பிறகு யார் என்ன சொன்னாலும் அது சரியான அளவுதான்.

அதே தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் இருந்தவர் இருதயராஜ். இவர் திருப்பி அனுப்பிய பாகங்களில் பாதி அவர் கடைந்தவை. அதனாலேயோ என்னவோ இருவரும் சிநேகிதர்கள் ஆனார்கள். ஒரு கிறிஸ்துமஸ் அன்றைக்கு, கேக் சாப்பிட வா என்று இருதயராஜ் அவரை வேலப்பன்சாவடி வீட்டுக்கு அழைத்துப் போனார். துலுக்கானம் கேக் சாப்பிட்டார். இருதயராஜின் தங்கை சரசாவையும் பார்த்தார். கேக் எப்படி இருந்தது என்று யாராவது பின்னால் கேட்டால், நினைவில்லை என்பார். வானகரத்தில் அவருடைய வீடு நெல்லும் கீரையும் போட்டுப் பிழைத்த சம்சாரி வீடு. விஷயம் தெரிந்ததும் தகப்பனார் சோற்றுத் தட்டைத் தெருவில் வீசினார். தட்டுக்குப் பின்னாலேயே மகனும் தெருவுக்கு வந்தார், தாமஸ் ஆனார், சரசாவைக் கட்டினார். அன்றிலிருந்து இருதயராஜ் அவருக்கு மச்சான். அவர் இருதயராஜுக்கு மாப்ளே.

கல்யாணத் திருப்பலியில் எல்லாருக்கும் வாசிக்கிற திருப்பாடலைத்தான் அவர்களுக்கும் வாசித்தார்கள். மனைவி வீட்டுக்குள் கனி தரும் திராட்சைக் கொடி போல இருப்பாள்; பிள்ளைகள் பந்தியைச் சுற்றி ஒலிவக் கன்றுகள் போல நிற்பார்கள். சரசா அதை அப்படியே மனசில் எழுதிக்கொண்டாள். கொடி படர்ந்தது, காய்க்கவில்லை. எழும்பூர் வரைக்கும் ஆஸ்பத்திரி, வேளாங்கண்ணி வரைக்கும் நேர்ச்சை. யாருடைய கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பாடல் வரும்போது முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், ஆண்டவர் எல்லாருக்கும் ஒரே வாக்கைத்தானே கொடுத்தார், தன்னிடம் மட்டும் ஏன் தவறிவிட்டார் என்று.

துலுக்கானம் வேதாகமத்தை ஒழுங்காகத் திறந்தது அன்றைக்குத்தான். பிறவிக் கத்தோலிக்கர் வீட்டில் அது அலமாரியில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தூசி தட்டுவார்கள், திறக்கமாட்டார்கள். இவர் கடவுளைத் தேடித் திறக்கவில்லை. கடவுளுக்கு ஒரு சாக்குத் தேடித் திறந்தார். தேடினவருக்குக் கிடைத்தது. அதே திருப்பாடல்களில் மலைகள் ஆட்டுக்கடா மாதிரித் துள்ளின, ஆறுகள் கைதட்டின. மலை துள்ளாது, ஆற்றுக்குக் கை கிடையாது. அப்படியானால் கொடியும் கன்றும் மட்டும் எப்படிக் கணக்கில் வரும்? திருவிழாவுக்கு நடந்துபோகிற ஜனம் வழியில் ஒருவரையொருவர் வாழ்த்திப் பாடிய பாட்டு அது என்று அடிக்குறிப்பில் போட்டிருந்தது. ஓடிவந்து சொன்னார்:

"சரசு, இது ஒப்பந்தம் இல்ல. பாட்டு. வாக்குறுதின்னு அளந்து பாக்காதே. ஆறுதல்னு எடுத்துக்கோ."

"அப்போ அவரு எனக்கு வாக்குத் தவறலையா?"

"தவறல."

அதற்கப்புறம் கல்யாணங்களில் முந்தானை வாய்க்குப் போகவில்லை. பாட்டைக் கேட்டுவிட்டு, நல்லாப் பாடினாங்க என்பாள்.

பெண்டாட்டியின் கண்ணீருக்காகக் கற்றுக்கொண்ட வித்தை, கொஞ்ச காலத்தில் துலுக்கானத்தின் பெருமையாக மாறியது. பங்கில் இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசிப்பார்கள். அதற்கு அன்பியம் என்று பெயர். அங்கே விளக்கம் சொல்வது அவர் என்று யாரும் நியமிக்காமலே ஆயிற்று. கண் உனக்கு இடறலாக இருந்தால் பிடுங்கிப்போடு என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவில்லை என்பார். காதலியின் மூக்கைக் கோபுரம் என்று பாடியதை அப்படியே படம் வரைந்தால் மாப்பிள்ளை ஓடிவிடுவான் என்பார். தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்வார். லெபனோனின் கேதுரு மரம் நம்ம சவுக்கு வகைதான் என்று ஒரு மழைக்காலம் முழுவதும் போதித்தார். யாரும் மறுக்கவில்லை. பாதிப் பேர் கைப்பேசியில் இருந்தார்கள்.

மறுக்கிற ஒரே ஆள் இருதயராஜ். அவருக்கு வேதத்தில் எழுதியதெல்லாம் எழுதியபடியே நடந்தது. மலை துள்ளியதா? துள்ளியது, நிலநடுக்கம். ஒட்டகம் ஊசிக்காதில் நுழையுமா? ஆண்டவர் நினைத்தால் லாரியே நுழையும். "மாப்ளே, நீ பேசப் பேச வேதத்துல ஒண்ணும் மிஞ்சமாட்டேங்குது" என்று சிரிக்காமல் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். துலுக்கானமும் சிரிப்பார்.

யாரும் கவனிக்காத வேடிக்கை ஒன்று இதில் இருந்தது. வேதத்தில் ஒரு வார்த்தையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாத துலுக்கானம், மனுஷர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையையும் அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் வருகிறேன் என்று பிளம்பர் சொன்னால் அடுத்த வாரம் வெளியே போகாமல் காத்திருப்பார். வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்பிய இருதயராஜோ, அடுத்த வாரம் வந்து கடனாக வாங்கிய ஏணியைத் தருகிறேன் என்பார். ஏணி இன்றைக்கும் வேலப்பன்சாவடியில்தான் இருக்கிறது. எழுத்தை நம்புகிறவருக்குச் சொல் இலேசு. சொல்லை நம்புகிறவருக்கு எழுத்து இலேசு. இருவரும் நல்லவர்கள்தான்.

சரசா சிறுநீரகம் கெட்டுப்போய்ப் பொது வார்டில் கிடந்தபோது அவளுக்கு ஒரே கவலை. தன் சாவைப் பற்றியல்ல. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறையில் இருக்கிறார்கள். நகரத்தில் இடம் ஏது? ஆழமாக வெட்டி ஒருவர்மேல் ஒருவராக வைப்பார்கள். அங்கே இன்னும் இரண்டு பேருக்கு இடம் உண்டு. கல்லறை இருதயராஜ் பெயரில் இருந்தது. அவருடைய மனைவிக்கு ராயபுரத்தில் தாய்வீட்டுக் கல்லறை இருந்தது, அவரும் அங்கேயே போய்க்கொள்ளலாம். துலுக்கானத்துக்கு மட்டும் எங்கேயும் ஒன்றும் இல்லை. மதம் மாறியவருக்குச் சொர்க்கத்தில் இடம் கிடைத்துவிடும், பூந்தமல்லியில்தான் கஷ்டம்.

அண்ணனைக் கூப்பிட்டு அவள் சொன்னாள்: "என்னை அப்பா அம்மாகூடப் போட்டுடு. அவரு வந்தா என்கூடப் போடு. அவருக்கு வேற யாரும் இல்ல."

இருதயராஜ் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உன் பக்கத்துல மாப்ளேக்குத்தான் இடம். வேற ஒருத்தனையும் உள்ள விடமாட்டேன். அப்பா மேல சத்தியம்."

துலுக்கானம் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வெந்நீர் ஃப்ளாஸ்க்கோடு நின்றிருந்தார். அந்தச் சொல் அவருக்குள் முழுசாக இறங்கியது. அளந்து பார்க்க அவருக்குத் தோன்றவேயில்லை.

சரசா போனபின் மாதம் ஒரு தடவையாவது பஸ் ஏறிக் கல்லறைக்குப் போய்விடுவார். புல்லைப் பிடுங்குவார், சாமந்தி வைப்பார். சமைத்ததைச் சொல்வார், அன்பியத்தில் பேசியதைச் சொல்வார். கிளம்பும்போது சிமெண்ட் மேட்டைத் தட்டி, கொஞ்சம் இரு, வர்றேன் என்பார். அது வெறும் வார்த்தை இல்லை. ஒண்டிக்கட்டையாக வானகரத்தில் வாடகை வீட்டில் இருப்பவருக்குச் சொந்த இடம் என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் அந்த ஒன்றுதான் இருந்தது. அதை நினைத்துக்கொண்டுதான் தினமும் அடுப்பைப் பற்றவைத்தார்.

இந்த வருஷம் கண்புரைக்கு அறுவை செய்துகொண்டதால் இடையில் போக முடியவில்லை. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலை, புதுக் கண்ணோடு, வாளியும் துடைப்பமுமாகப் போனார். மழை விட்டிருந்தது. ஊரே புல் செதுக்கிக்கொண்டும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டும் இருந்தது. தன் இடத்துக்கு வந்தவர், வரிசை தப்பிவிட்டது என்று திரும்பி நடந்தார். மறுபடி வந்தார். பழைய சிமெண்ட் மேட்டைக் காணவில்லை. பளபளவென்று கறுப்பு கிரானைட். அதில் மாமனார் பெயர், மாமியார் பெயர், சரசாவின் பெயர். அதன் கீழே, அதே பொன்னெழுத்தில், இருதயராஜ், பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி. எல்லாவற்றுக்கும் கீழே, ஆண்டவர் என் ஆயர், எனக்கு ஒரு குறையும் இல்லை என்ற பொருளில் ஒரு வரி. ஆடு தன் இடத்தை முன்பதிவு செய்திருந்தது.

புதுக் கண்ணில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் சொன்னபடிதான். துலுக்கானம் கொண்டுவந்த துடைப்பத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிடுங்கப் புல் இல்லை. பக்கத்துக் கல்லறையில் மெழுகுவத்தி நட இடம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள், யாருங்க காலமானது என்று துக்கமாகக் கேட்டாள். இன்னும் இல்லைங்க என்றார்.

அப்படியே வேலப்பன்சாவடிக்குப் போனார். கீழ்வீட்டில் கல்லூரிப் பையன்களுக்கு வாடகை விட்டுவிட்டு மாடியில் இருந்தார் இருதயராஜ். டிவி ஓடிக்கொண்டிருந்தது. வா மாப்ளே, கண்ணு எப்படிக் கீது என்று எழுந்து நாற்காலி போட்டார். காப்பிக்கும் உள்ளே குரல் கொடுத்தார். ஒளிவு மறைவாக ஒன்றும் செய்தவர் போல இல்லை. அதுதான் துலுக்கானத்துக்கு முதலில் வலித்தது. கல் நல்லா இருக்குதா என்று அவரே கேட்டார். கனடாவில் இருக்கும் மகன் வந்திருந்தபோது ஏற்பாடு செய்தானாம். இன்னொரு தடவை கல் செதுக்குகிறவனைக் கூப்பிடுவானேன் என்று அப்பா பெயரையும் கையோடு போடச் சொன்னானாம்.

"எனக்குன்னு சொன்னியே மச்சான்."

இருதயராஜ் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "எப்போ?"

"வார்டுல. சரசு கையைப் புடிச்சிகினு சொன்னே. அப்பா மேல சத்தியம்னு."

"அய்யய்யோ, அதுவா." இருதயராஜ் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "மாப்ளே, அவ சாவக் கெடக்கறா. நிம்மதியாப் போவட்டும்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதைப் போய் நீ மனசுல வெச்சிருப்பேன்னு நான் கண்டேனா? நீதானே சொல்லுவே, ஆறுதல் சொன்னா ஆறுதலா எடுத்துக்கணும், அளந்து பாக்கக்கூடாதுன்னு. அது ஒப்பந்தம் இல்ல மாப்ளே. பாட்டுன்னு வெச்சிக்கயேன்."

கேலியாகச் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். அவர் அன்பாகத்தான் சொன்னார். அன்பியத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்து மறுத்துக்கொண்டே அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதைத் தேவைப்பட்ட இடத்தில் சரியாகப் பயன்படுத்திவிட்டார். துலுக்கானம் அந்த வாக்கியத்தைத் தன் பெண்டாட்டிக்கு மட்டும் என்று செய்துவைத்திருந்தார். அது இப்போது மச்சான் வாயில் கிடந்தது.

பெயரை அழிக்க முடியாதா என்று ஒரு தடவை கேட்டார். கேட்டதே கேவலமாக இருந்தது.

"கிரானைட்டு மாப்ளே. எழுதினது எழுதினதுதான்."

வேதத்தில் இதைச் சொன்னவன் இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பிலாத்து. இருதயராஜுக்கு அது ஞாபகம் இல்லை. காப்பி வந்தது. துலுக்கானம் குடித்தார், மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

அந்த வாரம் அன்பியம் மோகனப்பிரியா வீட்டில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கணினி வேலை பார்க்கிற பெண். அடுக்குமாடியின் நாலாவது தளம். துலுக்கானத்தின் விளக்கங்களைக் கைப்பேசியில் குறித்துக்கொள்கிற ஒரே ஆள் அவள்தான். நவம்பர் இறந்தோர் மாதம் என்பதால் அவளே ரூத்தின் கதையை எடுத்து வைத்திருந்தாள். புருஷனைப் பறிகொடுத்த வேற்றினத்துப் பெண், மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள்: நீங்கள் போகிற இடத்துக்கு நான் வருவேன், உங்கள் தெய்வம் என் தெய்வம், நீங்கள் சாகிற இடத்தில் செத்து அங்கேயே நானும் புதைக்கப்படுவேன்.

"சார், இது உயர்வு நவிற்சிதான? எந்த மருமக மாமியார்ட்ட நிஜமா இப்படிச் சொல்லுவா?"

சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த அவள் மாமியார், நல்லாக் கேளு என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இருதயராஜும் சுவரோர நாற்காலியில் சிரித்தார். துலுக்கானம் விளக்கம் தொடங்க வேண்டிய இடம். சிரிப்பு அடங்கும் வரைக்கும் காத்திருந்தார்.

"இல்லம்மா. இதுல உவமையும் கிடையாது, உருவகமும் கிடையாது. போறதுன்னா போறது. சாவறதுன்னா சாவறது. புதைக்கிறதுன்னா குழி வெட்டிப் புதைக்கிறது. அந்தப் பொண்ணு வேற சாமி கும்புட்டவ. பொறந்த வீட்டை விட்டாச்சு. போற ஊர்ல அவளுக்கு ஒரு குழி வெட்ட ஆள் இருக்காது. அவளுக்கு அது தெரியும். அதனாலதான் அதையும் சேத்துச் சொல்றா. யாரும் அதைப் பாட்டுன்னு நெனச்சிடக்கூடாதுன்னு சொல்றா."

மோகனப்பிரியா குறித்துக்கொள்ளக் கைப்பேசியை எடுத்தாள், அப்புறம் வைத்துவிட்டாள். இருதயராஜ் மட்டும் எழுந்து வந்து துலுக்கானத்தின் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான் மாப்ளே நீ வேதத்தை வேதமாப் படிச்சே" என்றார்.

அதுவும் கேலி இல்லை. துலுக்கானம் சுண்டல் வாங்காமல் லிஃப்டில் இறங்கிவிட்டார். அதற்கடுத்த வாரங்களில் அன்பியத்துக்குப் போகவில்லை. கண் வலி என்று சொல்லி அனுப்பினார்.

போனது தம்பி உலகநாதனிடம். தகப்பனார் போனபின் அண்ணன் தம்பிக்குள் பேச்சு வந்திருந்தது, அளவான பேச்சு. கீரை போட்ட நிலத்தில் இப்போது லாரிகள் நிறுத்தக் கொட்டகை போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் உலகநாதன். துலுக்கானம் நேராக விஷயத்துக்கு வந்தார். தான் செத்தால் ஊர்ச் சுடுகாட்டில் எரிக்க விடுவார்களா என்று கேட்டார்.

"இன்னா அண்ணாத்தே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? சிலுவைக்காரங்க பொதைக்கத்தானே செய்வீங்க. மச்சான் ஊட்டுக் கல்லறை கீதுன்னியே?"

நடந்ததை அண்ணன் சொன்னார். தம்பி கேட்டுவிட்டு, லாரிக்காரன் ஒருவனைக் காரணமில்லாமல் திட்டினார். பிறகு சொன்னார்: "நம்ம சுடுகாட்டுல அந்தத் தொல்லை இல்ல. எவனும் பேர் எழுதி எடம் புடிக்க முடியாது. ஒருத்தன் எரிஞ்சா அடுத்தவனுக்குக் காலி."

துலுக்கானத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது. எரிப்பதைச் சபை தடுக்கவில்லை என்று பங்குச் சாமியாரிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலைப் பூசி, மண்ணுக்குத் திரும்புவாய் என்பார்களே, அதையும் இவ்வளவு நாள் உருவகம் என்றுதான் விளக்கி வந்தார். ஒரு பிடி சாம்பலுக்குக் கல்லைத் திறக்க வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். கிரானைட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் போகிற அளவு இடைவெளி விட்டிருக்கிறான் கொத்தன். அதை அவர் அன்றைக்கே பார்த்துவிட்டார். சரசா இருக்கும் பக்கம். அதில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று தம்பிக்கு விளக்கினார்.

"நீதான் போடணும். வேற யாரும் எனக்கு இல்ல."

"செய்றேன் ணா." உலகநாதன் நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டார். "அண்ணியாண்டை உன்னைச் சேத்துட்டுத்தான் நான் மறு வேலை பாப்பேன். போதுமா?"

துலுக்கானம் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன வார்த்தையைக் கையில் எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. அந்தப் பார்வை அதுவரை பாடித் தொழிற்சாலையில் இரும்புக்கு மட்டும்தான் கிடைத்திருந்தது.

"நெஜமாத்தான் சொல்றியா?"

"பின்ன?"

"ஆறுதலுக்குச் சொல்லலையே?"

"இன்னா ணா இது. முத்திரைத் தாள்ல எழுதித் தரட்டா?" என்று சிரித்தார் உலகநாதன்.

"எழுதிக் குடு."

சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணன் விளையாடவில்லை என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்ததும் முகம் சிறுத்துப்போயிற்று.

"நான் உன் தம்பி ணா."

"தெரியும்" என்றார் துலுக்கானம். "எழுது."